சகலை தின்ற முதல் பழம்

என் சகலையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் இருக்கும் யாராவது ஒருவர் படித்துவிட்டு, "அடடா, அவரா! தங்கமான மனுஷன் ஆச்சே" என்று ஆரம்பித்துவிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. நான் சின்ன மாப்பிள்ளை, விழுப்புரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. பழம் தின்று சாகவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் எனக்குச் சின்னதாக ஓர் ஆறுதலாவது மிஞ்சியிருக்கும். இப்படி எழுதுவது பாவம் என்று தெரிகிறது. ஆனால் ஆள் போன பிறகும் பொறாமை போகவில்லை என்றால் நான் என்ன செய்வது?

பார்க்க ஒன்றும் பெரிய ஆள் இல்லை. ஒல்லி உடம்பு, கருத்த முகம், மாதம் தவறாமல் சாயம் பூசிய மீசை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் உளுந்தும் போட சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருந்தார். மாமனார் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு. வயலிலிருந்து வந்தால் கால் கழுவிவிட்டு வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் வந்து நிற்பார். நின்றால் பேச்சுதான். எல்லாம் தெரியும் அவருக்கு. அடுத்த எலெக்‌ஷனில் யார் வருவார்கள், ரஷ்யாக்காரன் மனசில் என்ன இருக்கிறது, கிரிக்கெட்டில் யாரை எப்போது இறக்கியிருக்க வேண்டும், எல்லாம். செல்போன் கடைக்காரனான எனக்கே பாடம் எடுப்பார். "டிஸ்பிளே போச்சுன்னா ஒரு ராத்திரி அரிசி டப்பாவுல போட்டு வெய்யுங்க சகல, தன்னால வந்துரும்" என்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன்.

ஒருமுறை மேல்சித்தாமூர் ஜெயின் கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பம் காரை நிறுத்தி அவரிடம் வழி கேட்டது. கையை நீட்டி நீட்டி, எந்தப் புளியமரத்தில் திரும்புவது, எந்தப் பெட்டிக்கடையைத் தாண்டுவது என்று அவ்வளவு அழகாகச் சொன்னார். வெகுநேரம் கழித்து அதே கார் திரும்பி வந்தது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனார். இவர் கொஞ்சமும் அசரவில்லை. "புதுசா ரோடு போட்டு எல்லாத்தையும் மாத்திட்டானுங்க, சும்மா பேஜாரு பண்றானுங்க" என்று எங்களிடம் சொன்னார்.

இப்படிப்பட்ட வாயாடி, ஊருக்குப் பின்னால் இருக்கிற கல்லுமலை அடிவாரத்து முள்ளுக்காட்டுக்குள் கால் வைத்தால் ஊமையாகிவிடுவார். களாச்செடிக்கு முன்னால் குந்திக்கொண்டு ஒரு கிளையைத் தூக்கி இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார், கிள்ளிப் பால் வருகிறதா என்று பார்ப்பார், பழத்தைப் பிளந்து கொட்டையைப் பார்ப்பார். கேட்டால் பாதிக்குப் பாதி ஒரே பதில்தான். "எனுக்குத் தெரியாது. வுட்டுடுங்க." ரஷ்யாக்காரன் மனசு தெரிந்தவருக்கு ஒரு காய் தெரியாதாம். எனக்கு அது நடிப்பாகத்தான் தோன்றியது.

நன்றாகத் தெரிந்த பழத்தைக்கூட அவர் நேராக யாருக்கும் கொடுக்க மாட்டார். துண்டில் மூட்டை கட்டிக் கொண்டுவந்து, மாமனார் வீட்டுக் கூடத்தில் முறத்தில் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டி, அழுகினது, பூச்சி வைத்தது, வேறு செடியிலிருந்து கலந்துவிட்டது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுவார். பிறகு தான் மட்டும் கொஞ்சம் தின்பார். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்றால், தெருமுனையில் நின்றுவிட்டுப் போகிற டவுன் பஸ் கடைசி ஊர் வரை போய்த் திரும்பி வரும் வரை. பஸ் ஹாரன் கேட்டதும் "ம், தின்னுங்க" என்பார். பெரியவர்கள், சின்னவர்கள், என் மாமியார் உட்பட எல்லோரும் எச்சில் ஊற முறத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பஸ் ரிப்பேர் ஆன நாட்களில் அந்த வீடு பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

"கிளி கொத்தியிருக்குதே, அப்புறம் என்னா பயம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"மைனா எட்டிப்பழத்தைக்கூடத்தான் கொத்தித் தின்னுது சகல. அதுங்க வயிறு வேற, நம்ம வயிறு வேற. மைனா செத்தா எவன் வந்து என்னைக் கேக்கப் போறான்? நீங்க செத்தா உங்க பொண்டாட்டி கேக்கும்" என்றார்.

எட்டிப்பழம் என்று அவர் சொன்னது என்னைக் குத்துவதற்காக இல்லை. இருந்தாலும் எனக்குக் குத்தியது. கல்யாணமான வருடத்துக் காணும் பொங்கலன்று எல்லோரும் அந்தக் கல்லுமலைப் பக்கம் புளிசோறு கட்டிக்கொண்டு போயிருந்தோம். ஒரு மரத்தில் கமலாப்பழம் மாதிரி மஞ்சளும் சிவப்பும் கலந்து உருண்டை உருண்டையாகத் தொங்கியது. புது மாப்பிள்ளை நான் எகிறி ஒன்றைப் பறித்து, மனைவிக்குக் கொடுக்கலாம் என்று நகத்தால் கீறிக்கொண்டே வந்தேன். அவர் எங்கிருந்துதான் வந்தாரோ, என் கையில் ஓர் அடி. பழம் பாறையில் உருண்டு போனது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் குடத்துத் தண்ணீரில் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், சின்னப் பிள்ளைக்குக் கழுவுகிற மாதிரி. அது எட்டிக்காய். கொட்டை ஆளையே முடித்துவிடுமாம். மாமியார் வீட்டில் ஒரு வருடம் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தீர்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த தலை ஆடிக்கு விழுப்புரத்திலேயே பெரிய கடையில் ஸ்வீட் பாக்ஸும், ஒவ்வொன்றாகத் துணி சுற்றின மாதிரி வலை போட்ட ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போனேன். மாமியார் "எதுக்கு மாப்ள இவ்ளோ செலவு" என்று வாங்கி வைத்தார். வைத்த கையோடு வாசலில் அவர் குரல். துண்டு நிறைய நாவல்பழம். வீடே எழுந்து ஓடியது. என் மனைவியும் ஓடினாள், என்னிடம் பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு. சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது என் ஸ்வீட் பாக்ஸ் கட்டின கயிறு அவிழாமல் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. மாமியார் அதையே எடுத்து, "வழியில சாப்டுங்க" என்று என் கையில் கொடுத்தார். வயிறு எரிந்தது என்று சும்மா சொல்லவில்லை. கூட்டேரிப்பட்டு வரை நிஜமாகவே எரிந்தது.

அவரை என் மனைவி 'மாமா' என்று கூப்பிடுவாள். அவர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாளாம். அதனால் அவளை அவர் கடைசி வரை 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டார். அவளுக்கு எந்த மாதம் எந்தப் பழம், எந்தப் பழத்தை எப்படித் தின்பது என்று எல்லாம் அத்துப்படி. பாலைப்பழத்தைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டுவிட்டுத் தின்றால் உதட்டில் பால் ஒட்டாது என்பாள். உண்ணிப்பழம் கன்னங்கரேலென்று பழுத்தால்தான் வாயில் வைக்க வேண்டும், பச்சையாக இருந்தால் தொடக்கூடாது என்பாள். ஒவ்வொன்றின் கடைசியிலும் "மாமா சொல்லுவாரு" என்று வரும். எனக்கு முன்னால் அத்தனை வருடங்கள் அவளுக்கு ஒருவர் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார் என்பதையே என்னால் தாங்க முடியவில்லை. தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை, அந்த மனுஷனை அப்படி நினைத்தால் நாக்கு அழுகிவிடும். அவள் தின்றதையெல்லாம் நான் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் முழுகாமல் இருந்தபோதுதான் எனக்கு முற்றியது. வாந்தி நிற்கவே இல்லை. சோறு என்றாலே குமட்டல். மாமியார் வந்து ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். நான் விழுப்புரத்தில் கடையும் ஓட்டல் சாப்பாடுமாகக் கிடந்தேன். மசக்கைக்காரிக்கு வாய் கேட்டதை வாங்கிக் கொடுக்க வேண்டியவன் புருஷன். இவளுக்கு வாய் கேட்டது கடையில் கிடைக்காத பண்டம். போன் பண்ணினால் மறுமுனையில் 'நறுக் நறுக்' என்று கடிக்கிற சத்தம்தான் முதலில் கேட்கும்.

"என்னா தின்னுக்கினு இருக்க?"

"களாக்கா. உப்பு போட்டு. மாமா கொண்டாந்தாரு."

அடுத்த நாள் ஈச்சம்பழம். அதற்கடுத்த வாரம் ஒருநாள் வீடியோ காலில் வந்தாள். உதடெல்லாம் ரத்தச் சிவப்பு. பதறிப்போய்விட்டேன். அவள் சிரிக்கிறாள். சப்பாத்திக்கள்ளிப் பழமாம். மேலே இருக்கிற முள்ளைக் கல்லில் தேய்த்து எடுத்துவிட்டு, பிளந்து, நடுவில் நட்சத்திரம் மாதிரி இருக்கிற முள்ளை எடுத்தால்தான் தின்ன முடியும். அது தொண்டையில் சிக்கினால் அவ்வளவுதான். அதையெல்லாம் உட்கார்ந்து பக்குவமாக எடுத்துக் கொடுத்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே கேமராவைத் திருப்பினாள். அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை, சாயம் பூசிய மீசை. "இன்னா சகல, சாப்டீங்களா?" என்றது மீசை. நெட்வொர்க் சரியில்லை என்று கட் பண்ணிவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. ஒருநாள் போனை எடுத்ததுமே அவள் அழுதாள்.

"மாமா ரொம்பத்தான் பண்றாருங்க" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து கேட்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். அவர் அந்த வீட்டுக்கு வருவதற்கெல்லாம் முன்னால், அவள் ரொம்பச் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஏரிக்கரையில் ஒரு பழம் தின்றிருக்கிறாள். மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. கருப்பு. தின்றால் நாக்கு மை தொட்ட மாதிரி ஊதாவாகிவிடும். பிள்ளைகள் அதை மைப்பழம் என்பார்களாம். திடீரென்று அந்தப் புளிப்பு நாக்கில் வந்து நின்றுவிட்டது. வேறு எதைத் தின்றாலும் அதைத்தான் தேடுகிறது. அவரிடம் கேட்டதற்கு, "ஏரிக்கரையில அது மாதிரி ரெண்டு செடி இருக்குது பாப்பா. நீ தின்னது எதுன்னு எனுக்குத் தெரியாது. மாசமா வேற இருக்க. வேணாம்" என்று சொல்லிவிட்டார். அக்காவிடம் கேட்டால் அவளுக்கு ஞாபகமே இல்லை. மூன்று நாளாகக் கெஞ்சியும் அவர் மசியவில்லை.

"நீங்களாவது கொண்டாந்து குடுங்க" என்றாள்.

நீங்களாவது! போனை வைத்ததும் கடைப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் தர முடியாது என்ற பழம். அவர் வருவதற்கு முன்னால் அவள் தின்ற பழம். அந்தப் பழத்தில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை. எனக்காகவே காய்த்தது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பைக்கை எடுத்துவிட்டேன். ஊருக்குள் போகாமல் நேராக ஏரிக்கரை. அவள் சொன்ன மாதிரியே கருப்பாக, புதர் நிறைய. விரலில் நசுக்கிப் பார்த்தேன், ஊதா. வேறென்ன வேண்டும்? முள்ளில் சட்டை கிழிந்தது, முழங்கை கீறியது. பிளாஸ்டிக் கவர் நிறையப் பறித்துக்கொண்டு, போருக்குப் போய் வென்று வந்தவன் போல மாமியார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் எங்கே போய்ச் சொல்வேன். கவரை வாங்கிப் பிரித்தாள். ஒன்றை எடுத்தாள். மோந்து பார்த்தாள். உதடு வரைக்கும் கொண்டுபோனாள். அங்கேயே கை நின்றுவிட்டது.

"மாமாகிட்ட காட்டினீங்களா?" என்றாள்.

மாமியார் அதற்குள் ஆளனுப்பிவிட்டார். அவர் மோட்டார் கொட்டகையிலிருந்து ஈரக் காலோடு வந்தார். கவரைக் கூடத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றைப் பிளந்தார். இன்னொன்றைப் பிளந்தார். எந்த இடத்தில் பறித்தேன், இலை எப்படி இருந்தது, காம்பில் முள் இருந்ததா என்று கேட்டார். முள் இருந்தது என்றேன். அது அந்தச் செடியின் முள்ளா, பக்கத்துச் செடியின் முள்ளா என்றார். நான் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.

"எனுக்கும் தெரியல சகல. கீழ கொட்டிடுங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை. "நான் தின்னு காட்டறேன், பாருங்க" என்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். மாமியார் 'ஐயோ' என்று வாயில் அடித்துக்கொண்டார். என் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள்.

அவர் திட்டவில்லை. மிச்சப் பழத்தைக் கவரோடு முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினார். "வாந்தி வந்தா இதையும் எடுத்துக்கினு ஓடணும், எதைத் தின்னாருன்னு டாக்டருங்க கேப்பாங்க" என்றார். என் பைக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய், கிளையும் இலையுமாக ஒரு கொத்து உடைத்துக்கொண்டு வந்தார். ஷேர் ஆட்டோக்காரருக்குப் போன் பண்ணி, சவாரி எதுவும் எடுக்காமல் தெருமுனையில் நிற்கச் சொன்னார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டவுன் பஸ் போனது, வந்தது. அவர் கையை விடவில்லை. மறுபடி போனது, வந்தது.

ஒரு விதத்தில் நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. மொத்த வீடும் முதல் தடவையாக என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஆனால் எனக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் புருவம் கொஞ்சம் சுருங்கினால் மாமியார் முருகனைக் கூப்பிட்டார். அவர் மூச்சு விட்டால் என் மனைவியும் மூச்சு விட்டாள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெயில் சாய்ந்ததும் நான் எழுந்து நின்று ஊதா நாக்கை எல்லோருக்கும் நீட்டிக் காட்டினேன். ஆணியிலிருந்து கவரை எடுத்து அவளிடம் நீட்டினேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவருக்கு ஒண்ணும் ஆவல பாப்பா. அது மட்டுந்தான் இப்ப தெரியும்" என்றார் அவர். "உனுக்கு என்னா ஆவும், உள்ள இருக்கறதுக்கு என்னா ஆவும்னு எனுக்குத் தெரியாது."

மூன்று நாள் அழுதவள், அந்தப் பழத்துக்காக என்னை விழுப்புரத்திலிருந்து வரவழைத்தவள், கவரை வாங்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் கொட்டி, மேலே மண்ணையும் தள்ளிவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவினாள்.

மறுநாள் திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் அவளுக்குச் செக்கப். நான் கடையைத் திறக்காமல் அவள்கூடப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்துவிட்டு, கொஞ்ச தூரம் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"அவரு தின்னுன்னு சொல்லியிருந்தா தின்னிருப்பியா?"

"தின்னிருப்பேன்."

"நான் அவ்ளோ சொன்னேனே? தின்னே காட்டினேனே?"

என் முழங்கையில் இருந்த கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்மேல இருக்கற ஆசையில எதை வேணா தெரியும்னு சொல்லிடுவீங்க" என்றாள். "மாமா யாருக்கோசரமும் அப்பிடிச் சொல்ல மாட்டாரு. எனக்கோசரம்கூடச் சொல்ல மாட்டாரு."

சொல்லிவிட்டு, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். திண்டிவனத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். எனக்கு அது போதவில்லை.